அடுத்த மாதமும் போய்வரக்கூடிய தூரம்

வாசகர் கேள்வி – சிஸ்டர் பதில்

(குமரி மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் எழுதும் பகுதி. கடிதம் எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

கேள்வி: எனக்கு 34 வயது. கருங்கல் பக்கம் ஊர். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். நானும் இரண்டு பெண் பிள்ளைகளும் மாமியாரோடு இருக்கிறோம். ஆறு மாதமாக ராத்திரி 2 மணி வாக்கில் திடுக்கென்று முழிப்பு வருகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கும், விரல் மரத்துப்போகும், இப்போதே உயிர் போய்விடும் என்று தோன்றும். மூன்று தடவை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர், ‘ஒரு மனநல டாக்டரைப் பாருங்கள்’ என்றார். அதைக் கேட்டதிலிருந்து மாமியார், ‘பிராந்து (பைத்தியக்கார) ஆஸ்பத்திரிக்கா போற? நாளைக்குப் பிள்ளைகளை யாரு பெண் கேட்டு வருவா?’ என்கிறார். திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ, யாருக்கும் தெரியாமல் போய்வர, கவுன்சிலிங் கொடுக்கும் ஒரு நல்ல பெண்ணின் பெயர் சொல்லுங்கள். டாக்டர் வேண்டாம், கவுன்சிலிங் போதும்.
– பெயர் வேண்டாம், கருங்கல்

பதில்: மக்களே, (எங்கள் ஊரில் ஒற்றை ஆளையும் இப்படித்தான் கூப்பிடுவோம், வெளிமாவட்ட வாசகர்கள் குழம்ப வேண்டாம்) உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவது பக்கத்து ஓரத்தில் பென்சிலால், ‘இது நோயா, இல்லை நானா வரவழைக்கிறதா?’ என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீயாக வரவழைக்கவில்லை.

கேஷுவாலிட்டியில் நைட் ட்யூட்டி பார்த்த வருடங்களில் உன்னை மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, நெஞ்சில் கையை வைத்தபடி ஆட்டோவிலிருந்து இறங்குவார்கள். கை ஐஸ் மாதிரி இருக்கும். ஈ.சி.ஜி. எடுத்து முடிப்பதற்குள் பாதி தணிந்திருக்கும். ‘ஒண்ணும் இல்லம்மா, கேஸ் டிரபிள்தான்’ என்று ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவோம். அப்படிச் சொல்லி அனுப்பியவர்களில் நானும் உண்டு. இன்றைக்கு நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இதயத்தில் ஒன்றும் இல்லை என்பது சரி. ஆனால் வந்தவளுக்கு ஒன்று இருந்தது, அதற்குப் பெயர் இருந்தது, வைத்தியமும் இருந்தது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் டாக்டர்கள் பேனிக் அட்டாக் என்று சொல்வது போலத்தான் இருக்கிறது. உறுதி செய்ய வேண்டியது டாக்டர். ஆபத்து என்றால் ஓடுவதற்கு உடம்பு தயாராகும் இல்லையா, இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும். அந்த ஏற்பாடு ஆபத்து எதுவும் இல்லாத நேரத்தில் தானாகக் கிளம்பிவிடுகிறது. வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறையும். விரலும் உதட்டோரமும் மரத்துப்போவது அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அப்புறம் மெல்ல இறங்கிவிடும். ஒரு விஷயம் பார்த்துக்கொள்: தைராய்டு கூடினாலும் இதே மாதிரி படபடப்பு வரும். உன் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அதையும் எடுக்கச் சொல்.

இனி நீ கேட்ட பெயர். யார் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. அரசு டாக்டர்களுக்கு மாற்றல் வரும், தனியார் டாக்டர்கள் ஊர் மாறுவார்கள், இந்தப் பத்திரிகையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு இரண்டு வருடம் கழித்துத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். பெயருக்குப் பதிலாக, எப்படித் தேட வேண்டும் என்று சொல்கிறேன். நீ தேடுவதே தப்பான திசையில் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்வதற்கு என் கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது.

2009-இல் என் வீட்டுக்காரர் போனார். மாரடைப்பு, சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தவர். அடக்கம் முடிந்து நான்கு மாதம் எனக்குத் தூக்கம் இல்லை. ட்யூட்டிக்குப் போவேன், டிரிப் போடுவேன், சார்ட் எழுதுவேன். எழுதின எண் சரிதானா என்று நாலு தடவை திரும்பிப் பார்ப்பேன். மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். நான் வேலை பார்த்த கட்டடத்திலேயே அந்த ஓ.பி. இருந்தது. ஆனால் அந்த வராந்தாவில் என்னை உட்கார்ந்து பார்த்துவிடுவார்களே என்ற பயம். அதனால் லீவு போட்டு, தக்கலையில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போனேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம், தனியார் டாக்டர், நல்லவர். பேசினார், மாத்திரை எழுதினார்.

இரண்டாவது தடவை போனபோது அந்த ஹாலில் என் எதிர் பெஞ்சில் எங்கள் தெருக்காரி ஒருத்தி இருந்தாள். நான்கு வீடு தள்ளி வீடு. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைப் பாதி மூடியிருந்தாள், நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம், தலையைக் குனிந்துகொண்டோம். திரும்பும்போது ஒரே பஸ். களியக்காவிளை வரைக்கும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தோம். அங்கே கூட்டம் இறங்கியதும் அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ‘எத்தனை வருஷமாட்டு வாறீங்க?’ என்று கேட்டாள். ‘இது ரெண்டாவது தடவை’ என்றேன். ‘எனக்கு ஆறு வருஷம்’ என்றாள். தக்கலை வருகிற வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தேதிக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் மழை. மாத்திரை தீர்ந்தது, நானாகவே நிறுத்திவிட்டேன். நர்ஸ் நான், படக்கென்று நிறுத்தக் கூடாது என்று நோயாளிகளுக்குச் சொல்லித் தருகிறவள். மூன்றாம் நாள் தலைக்குள் கரண்ட் அடிப்பது போல விட்டு விட்டு ஒரு அதிர்ச்சி, நடந்தால் தள்ளாட்டம், பழைய அழுகை இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. கடைசியில் நான் பயந்த அதே வராந்தாவில், யூனிஃபார்மோடு போய் உட்கார்ந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. வார்டில் வேலை பார்த்த ஒரு அண்ணாச்சி மட்டும் ஒரு சுக்காப்பி வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றரை வருடம் அங்கேதான் பார்த்தேன். ட்யூட்டி முடிந்து பத்து அடி நடந்தால் போதும், அதனால் ஒரு தேதி கூட விடவில்லை.

அதனால்தான் சொல்கிறேன் மக்களே. இந்த வைத்தியம் ஒரு தடவை போய் முடிகிற காரியம் இல்லை. மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அந்த முதல் இரண்டு வாரம்தான் கஷ்டம், வயிறு புரட்டும், ‘இது நமக்குப் பிடிக்கவில்லை’ என்று தோன்றும், பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பேச்சு வழியாகச் செய்கிற சிகிச்சை என்றால் வாரம் ஒரு தடவை என்று பல வாரம் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சென்னைக்கு ரயில் ஏறுவாயா? பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, சாயங்காலம் அவர்கள் வருவதற்குள் வீடு திரும்ப முடிகிற இடமாகப் பார்.

உன் ஊருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? தக்கலையில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. நாகர்கோவிலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலத் துறை இருக்கிறது. இவை தவிர மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று உண்டு. அதில் மனநல டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர் எல்லாம் சேர்ந்த ஒரு குழு, குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா அளவிலான அரசு ஆஸ்பத்திரிகளுக்கே வரும். எந்தக் கிழமை எந்த ஆஸ்பத்திரி என்பது மாறும், அதனால் போவதற்கு முந்தின நாள் உன் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில், ‘மனநல டாக்டர் என்றைக்கு வருவார்?’ என்று கேட்டுவிடு. கேட்க வெட்கமாக இருந்தால் உங்கள் பகுதிக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் கேள். அவர்களுக்குத் தெரியும். பைசா செலவில்லை, மாத்திரையும் அங்கேயே தருவார்கள்.

‘டாக்டர் வேண்டாம், கவுன்சிலிங் போதும்’ என்கிறாயே, அதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன், இங்கேதான் நம் ஜனங்கள் ரொம்பக் குழம்புகிறார்கள். மனநல டாக்டர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி.யோ டி.பி.எம்.மோ படித்தவர். மருந்து எழுத முடியும், தைராய்டு மாதிரி உடம்புக் காரணம் எதுவும் இல்லை என்று பார்க்கவும் முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். முக்கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேசுவார், பயம் எப்படிக் கிளம்புகிறது, அதை எப்படிச் சந்திப்பது என்று பயிற்சி கொடுப்பார். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். மூன்றாவதாகக் கவுன்சிலிங் கொடுப்பவர்கள். சமூகப் பணியோ உளவியலோ முறையாகப் படித்து அருமையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று நாள் வகுப்புக்குப் போய்விட்டு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆறு மாதமாகத் தூக்கம் கெட்டு, மூன்று தடவை கேஷுவாலிட்டி போன உனக்கு முதல் பார்வை டாக்டராக இருக்கட்டும். உனக்குப் பேச்சு சிகிச்சை போதும் என்றால் அவரே அனுப்புவார். பேனிக்குக்கு அந்த வழியும் நன்றாகக் கேட்கும்.

பெண்ணாக வேண்டும் என்பது தப்பான ஆசை இல்லை, கேள். கிடைக்காவிட்டால் அதற்காக ஆறு மாதம் காத்திருக்காதே.

முதல் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், பாதிப் பயம் அதில்தான். அரசு ஆஸ்பத்திரி என்றால் காலையிலேயே போய்விடு. சீட்டு எழுதுகிற ஜன்னலில், ‘என்ன செய்யுது?’ என்று கேட்பார்கள். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள், ‘மனநலம்’ என்று சத்தமாகச் சொல்ல நாக்கு எழாது. ஒரு துண்டுக் காகிதத்தில் ‘மனநலப் பிரிவு’ என்று எழுதிக்கொண்டு போய் நீட்டு. பெஞ்சில் உனக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் தெரியுமா? பரீட்சைக்குப் படித்தது நிற்கவில்லை என்று ஒரு காலேஜ் பையன், மறதி வந்த மாமனாரைக் கூட்டி வந்த மருமகள், குடியை நிறுத்த வந்த கொத்தனார், பிரசவத்துக்கு அப்புறம் அழுகை நிற்காத ஒரு சின்னப்பெண். உன் மாமியார் மனசில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரியில் இவர்கள் யாரும் இல்லை.

டாக்டர் உன்னோடு பத்து நிமிடம் பேசினால் அதிகம், கூட்டம் அப்படி. அதனால் வீட்டிலேயே அரைப் பக்கம் எழுதிக்கொள். எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை தடவை, எத்தனை மணிக்கு, தூக்கம், சாப்பாடு, மாதவிலக்கு, வீட்டில் முன்னால் யாருக்காவது இருந்ததா, இவ்வளவும் போதும். பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கொள். மெடிக்கல் ஸ்டோரில் வாங்கித் தின்ற தூக்க மாத்திரையின் அட்டையையும் கட்டாயம் எடுத்துக்கொண்டு போ. நீ அதைப் பற்றி எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் கடைசி வரைக்கும் சொல்ல மாட்டார்கள். அந்த மாத்திரைகளில் சிலது பழக்கமாகிவிடும். டாக்டர் தருகிற எல்லா மாத்திரையும் அப்படி இல்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பொதுவாகத் தருபவை போதை மாத்திரைகள் இல்லை, ஆனால் நிறுத்தும்போது படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சாக வேண்டும் என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் அந்த அரைப் பக்கத்தில் முதல் வரியாக அதை எழுது.

இரண்டு மூன்று தடவை போயும் அந்த டாக்டரிடம் உனக்குப் பேச வரவில்லை என்றால் வேறு ஒருவரைப் பார்க்கலாம், குற்றமில்லை. பழைய சீட்டை மட்டும் கையோடு கொண்டுபோ.

மாமியார் விஷயம். அவரை முழுக்கக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூர்க்காரர்கள். மனசு சரியில்லாதவர்களைத் திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ அப்படி நமக்கு அந்தப் பெயர். போனவர்கள் திரும்பி வராத கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அவரிடம் ‘மனநலம்’ என்று வாதாட வேண்டாம். ‘தூக்கத்துக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் டாக்டரைப் பார்க்கப் போறேன், நீங்களும் கூட வாங்க மாமி’ என்று கூப்பிடு. அது பொய்யும் இல்லை. அந்த பெஞ்சில் ஒரு மணி நேரம் அவர் உட்காரட்டும். நிறைய மாமியார்கள் திரும்பும்போது, ‘எனக்கும் உறக்கம் கெடையாது கேட்டியா’ என்று ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் வரவே மாட்டேன் என்றால் தனியாகப் போ. உன் வயசுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

கேள்வி: 23 வயதுப் பெண் நான். பக்கத்து டவுனில் ஒரு கவுன்சிலிங் சென்டருக்குப் போனேன். முதல் நாளே பத்து சிட்டிங்குக்குப் பணம் மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். காதல் விஷயத்தை நம்பிச் சொன்னேன். மூன்றாவது வாரம் அம்மாவுக்கு போன் போட்டு அவ்வளவையும் சொல்லிவிட்டார் அவர். இனி யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன்.
– மார்த்தாண்டம்

பதில்: உனக்கு நடந்தது அநியாயம். படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. இதைச் சாதாரணமாக விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சைக்கு வருகிறவரின் விஷயத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது அதில் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. உயிருக்கு ஆபத்து மாதிரி ஒரு சில சூழ்நிலைகளில்தான் விலக்கு. வயது வந்த பெண்ணின் காதல் அதில் வராது. மீதி சிட்டிங் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுது, நகல் வைத்துக்கொள். ரசீது தந்தார்களா?

அடுத்த தடவை போனிலேயே மூன்று விஷயம் கேட்டுவிட்டுப் போ. என்ன படித்திருக்கிறீர்கள், பதிவு எண் என்ன? ஒரு தடவைக்கு எவ்வளவு, அந்தந்த நாள் கொடுத்தால் போதுமா? நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள், எப்போது சொல்வீர்கள்? பதிவு எண் கேட்டதற்கு ஒருவர் கோபப்பட்டால் அந்த போனை வைத்துவிடு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்கிறவரின் பெயர் மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று செல்போனிலேயே தேடிப் பார்க்கலாம். டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு. நாம் ஒரு பவுன் நகை எடுக்கும்போது ஹால்மார்க் பார்க்கிறோம் அல்லவா, அந்த அளவுக்காவது பார்க்க வேண்டும்.

வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய். எனக்கு எழுதியிருக்கிறாயே மக்களே, ஆறு பக்கம். அவ்வளவு சொல்வதற்கு இருக்கிறது உனக்கு. இந்தத் தடவை முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். தூக்கம், சாப்பாடு, அழுகை, இதை மட்டும் சொல். மற்றது, அந்த ஆளைப் பார்த்துப் பழகின அப்புறம்.

கேள்வி: 2017 ஒக்கி புயலில் கடலுக்குப் போன என் மூத்த மகன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. என் மனைவி இன்றைக்கும் ராத்திரி முன்வாசல் கதவைத் தாழ்போட விட மாட்டாள். புயல் முடிந்த சமயம் கவுன்சிலிங் என்று ஆட்கள் வந்தார்கள், கொஞ்ச நாளில் நின்றுவிட்டது. இத்தனை வருடம் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்க மாட்டார்களா?
– 61 வயது மீனவர், தூத்தூர் பக்கம்

பதில்: அண்ணா, கேட்க மாட்டார்கள். கேட்டால், கடல் என்று சொல்லுங்கள்.

2004 சுனாமிக்கு மூன்று வருடம் கழித்து, குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தலைவலி என்று எங்கள் ஓ.பி.க்கு வந்தார். கண் டாக்டர், மூக்கு டாக்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ரத்த அழுத்தம் பார்க்கக் கையைப் பிடித்தபோது, ‘இந்தக் கையிலேருந்துதான் பிள்ள நழுவிச்சு’ என்றார். அதுவரைக்கும் யாரிடமும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. துக்கம் தேதி பார்த்து வருவதில்லை, அதற்கான வைத்தியத்துக்கும் கடைசித் தேதி கிடையாது.

அடக்கம் செய்ய உடலாவது கிடைத்தவர்களுக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இருக்கிறது. உங்கள் மனைவிக்கு அது இல்லை, அதனால் அந்தக் கதவு. தாழ்போடச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். கதவைவிட வேறு சிலவற்றைக் கவனியுங்கள். சாப்பிடுகிறாரா, நாலு மணி நேரமாவது தூங்குகிறாரா, கோயிலுக்கும் சந்தைக்கும் போகிறாரா, பேரப்பிள்ளைகள் வந்தால் முகம் மலர்கிறதா? இவை நடக்கிறதென்றால் அது தாயின் துக்கம், கூடப் பேசிக்கொண்டிருக்க ஆள் இருந்தால் போதும். இவை நின்றுவிட்டதென்றால், உடம்பு மெலிந்துகொண்டே போகிறதென்றால், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எதற்குப் போகிறோம் என்பதை மறைக்காதீர்கள். முட்டுவலி என்று பொய் சொல்லிக் கூட்டி வந்து, அறைக்குள் நுழைந்ததும் நோயாளி உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பங்கு அச்சனிடமோ, கன்னியாஸ்திரீகளிடமோ அவருக்கு நம்பிக்கை இருந்தால் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். ஜெபமும் மருந்தும் ஒரே நாளில் போகலாம், ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

அண்ணா, கடிதம் முழுக்க மனைவியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மகன் உங்களுக்கும் மகன்தானே. இப்போது நீங்கள் கடலுக்குப் போகிறீர்களா என்று கூட எழுதவில்லை. டாக்டரிடம் போகும் அன்று உங்களுக்கும் ஒரு சீட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மழைக்கு வெட்டு நின்றால் காலையிலேயே குடி. சோற்றில் கலந்து கொடுக்கிற மருந்து தபாலில் வருமாம். வாங்கலாமா?
– குலசேகரம்

பதில்: வாங்காதே, கண்டிப்பாக வாங்காதே. குடியை விடத் தருகிற சில மாத்திரைகள், அதைத் தின்றது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக்கி உயிருக்கே ஆபத்தாகும். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. தபாலில் வருவதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. காலையிலேயே குடிக்கிறவர் சபதம் போட்டு ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, இரண்டு நாளுக்குள் வலிப்பு, அப்புறம் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது வரைக்கும் போகலாம். ‘பேய் பிடித்தது’ என்று கொண்டுவந்தவர்களில் பல பேருக்கு அதுதான். அதனால் நிறுத்துவதை ஆஸ்பத்திரியில் படுத்து, மருந்தோடு செய்ய வேண்டும். இதையும் மனநலத் துறையில்தான் பார்க்கிறார்கள், வேறு எங்கேயும் அலைய வேண்டாம். வெட்டு இல்லாத மழை மாதத்தில் அவருக்குக் கூலி நஷ்டம் இல்லை, படுக்க அதுதான் சரியான சமயம். அவர் போதையில் இல்லாத காலை நேரத்தில் கேள், சண்டைக்கு மறுநாள் கேள். அவர் வரவில்லை என்றால் நீ மட்டுமாவது ஒரு நாள் போய் டாக்டரிடம் பேசிவிட்டு வா.

கேள்வி: ஹாஸ்டலில் இருக்கிறேன், 19 வயது. 14416-க்கு போன் பண்ணினால் காலேஜுக்கோ வீட்டுக்கோ சொல்லிவிடுவார்களா? காசு போகுமா? ராத்திரியில்தான் ரொம்ப மோசமாக இருக்கிறது.
– நாகர்கோவில்

பதில்: காசு போகாது. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கின அரசு மனநல போன் சேவை அது, டெலி மானஸ் என்று பெயர். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். வீட்டுக்குச் சொல்வதற்காக அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. பெயர் சொல்லப் பயமாக இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடு. லைன் கிடைக்காவிட்டால் 104-க்கு அடி, அதுவும் இலவசம். போனில் பேசியதோடு விட வேண்டாம், நேரில் பார்க்க பக்கத்தில் யார் என்று அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள். நாகர்கோவிலில் இருக்கிறாய், ஆசாரிப்பள்ளத்துக்கு டவுன் பஸ் போதும்.

உனக்கு மட்டும் ஒன்று. மோசமாக இருக்கும் ராத்திரி மொட்டைமாடிக்குப் போய் நின்று போன் பேசாதே. அறைக்குள்ளேயே, கட்டிலில் உட்கார்ந்து பேசு. பக்கத்துக் கட்டில் பெண்ணை எழுப்பு. தூக்கம் கலைந்ததற்கு அவள் கோபப்பட மாட்டாள்.